ராங்கிக்குள் இறங்கிய பம்ப்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் விட்டால் மண்கும்பான் வரும். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வேலணைக்கோ ஊர்காவற்றுறைக்கோ போகிற கார், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறக் குறிகட்டுவான் துறைக்குப் போகிற கார், எதுவானாலும் இந்த மணல் ஊரை ஊடறுத்தே போகவேண்டும்; தரைவழி இது ஒன்றுதான். பனையும் தென்னையும் நிற்கும் இந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் கிடக்கிறது. மேலே வீசுவது உப்புக் காற்று. குடிதண்ணீருக்கு வாய்த்த நிலம் இரும்புக்கு வாய்க்கவில்லை. காரின் அடித்தட்டு இங்கே வெளியிலிருந்து அரிபடும். பெற்றோல் ராங்கி உள்ளிருந்தும் அரிபடும்: அரைகுறையாக நிரம்பிய ராங்கியின் வெற்றிடத்தில் இரவுக் குளிரில் ஈரம் பனிக்கும், தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமாகையால் அடியில் போய்த் தங்கும், அங்கிருந்து தகரத்தைத் தின்னும். உதிரும் துருத்தூள் எரிபொருளோடு பயணப்பட்டு முதலில் மோதும் இடம் பம்ப். ஆகவே இந்தப் பாதையில் ஓடிய கார்களின் வரலாற்றை எழுதப் புகுபவர் முகப்பின் அழகையும் இருக்கையின் தோலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பம்பிலிருந்து தொடங்குவதே முறை.

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்கள் யாழ்ப்பாணத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாடகைக் கார்களாகவும் கல்யாணக் கார்களாகவும் ஓடியதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. அந்தக் கால இரும்பு உறுதியானது என்பது ஒன்று. யாழ்ப்பாணத்தார் பொருளைப் பேணத் தெரிந்தவர்கள் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் போதாது. உறுதியான இரும்பு என்று புகழப்பட்ட அதே கார்களின் கதவடியும் தளமும் இங்கிலாந்தின் மழையிலும் குளிர்கால உப்பிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஓட்டை விழுந்தன. பேணும் குணம் ஒன்றே காரணமென்றால், அதே குணமுள்ளவர்களிடம் இன்று இருக்கும் 25 வயதுக் கார் ஏன் ஒரு சிறு உறுப்புக்காக மாதக்கணக்கில் தறப்பாளின் கீழ் கிடக்கிறது என்று விளக்க முடியாது. என் வாதம் வேறு. அந்தக் கார்கள் பிழைத்ததற்கு முதற்காரணம், ராங்கியிலிருந்து எஞ்சின் வரை எரிபொருள் போன பாதை மனிதக் கைக்கு எட்டும் இடத்தில், சாதாரண ஆயுதங்களால் திறக்கக்கூடிய வடிவில் இருந்தது. அந்தப் பாதையின் நடுவிலிருந்த பம்ப் பின்னாளில் ராங்கிக்குள் இறங்கியபோது காரைப் பிழைக்கவைக்கும் முடிவு உள்ளூர் கராஜை விட்டுத் தொலைவிலுள்ள கிடங்குகளுக்குப் போனது.

கார்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று; அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. ஒஸ்ரின் ஏ40 வகையில் டெவோன் 1947இலும் சொமர்செற் 1952இலும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிந்திய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இலங்கைக்கு இவை தாராளமாக இறங்கின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. வாசல் மீண்டும் அகலத் திறந்தது 1977இல்தான். இடைப்பட்ட காலத்தில் நாடு முழுவதும் இருந்த கார்களே இருந்தன. உடைந்தால் திருத்தவேண்டும், வேறு வழியில்லை. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய கதை என்று சொல்வது தவறு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தகம் நடத்திய சார்ள்ஸ் வெயார், நீடித்துழைக்கும் கார் என்ற கொள்கையை 1982இல் புத்தகமாகவே எழுதியவர். 1990களில் மைனருக்கான தகட்டு உறுப்புகளைச் செய்ய அவர் தேர்ந்த இடம் இலங்கையின் காலி. மைனரைப் பிறப்பித்த நாடு அதன் உறுப்புகளுக்கு இலங்கைக் கைகளை நாடியது என்றால், அந்தக் கைகளில் இருந்த அறிவு தெற்கிலும் வடக்கிலும் பரவிக் கிடந்தது என்றே பொருள். இறக்குமதிக் கட்டுப்பாடுதான் பழைய கார்களைக் காப்பாற்றியது என்று ஒருவர் வாதிட்டால் பாதியை ஒப்புக்கொள்கிறேன். புதுக் கார் ஏன் வரவில்லை என்பதற்கு அது விடை. பழைய கார் எப்படி ஓடியது என்பதற்கு விடை பொனற்றைத் திறந்தால்தான் கிடைக்கும்.

எரிபொருளை எஞ்சினுக்குக் கொண்டுசேர்ப்பது தொடக்கத்தில் பூமியின் ஈர்ப்பு செய்த வேலை. 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்ட் ரி மாதிரியில் ராங்கி இருக்கைக்குக் கீழே இருந்தது. பெற்றோல் தானாக வழிந்து கார்பரேற்றருக்கு வரும். ராங்கியில் கொஞ்சமே பெற்றோல் இருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் மட்டம் மாறிவிடும், ஆகவே சாரதிகள் காரைத் திருப்பிப் பின்புறமாக ஏற்றினார்கள். பாதுகாப்புக்காக ராங்கி பின்னுக்கும் கீழுக்கும் போனபோது ஈர்ப்பு உதவாமற்போய், உறிஞ்ச ஒன்று தேவைப்பட்டது. எஞ்சினின் உறிஞ்சு விசையால் இழுக்கும் சிறு கலம் சில காலம் இருந்தது. அதன்பின் இரண்டு வகைப் பம்புகள் நிலைபெற்றன. யாழ்ப்பாணத்துக் கார்களில் இரண்டுமே இருந்தன. ஏ40இல் இருந்தது ஏசி நிறுவனத்தின் இயந்திரப் பம்ப். எஞ்சினின் பக்கத்தில் திருகியிருக்கும். உள்ளே சுழலும் கம்ப் தண்டு ஒரு நெம்பைத் தள்ள, நெம்பு ஒரு டயபிரத்தை இழுக்க, இரண்டு சிறு வால்வுகள் மாறிமாறித் திறந்து மூட, பெற்றோல் நகரும். மின்சாரம் தேவையில்லை. கையால் அடித்து நிரப்ப ஒரு சிறு நெம்பும் உண்டு. மைனரில் இருந்தது எஸ்யூ மின்பம்ப்; பொனற்றுக்குள் பின்சுவரில், கண்ணுக்கு நேரே. உள்ளே ஒரு சுருள், ஒரு டயபிரம், அதை நடுவில் நிறுத்த வட்டமாகப் பதினொரு உருளைகள், மின்சாரத்தைத் தொட்டும் விட்டும் விளையாடும் ஒரு சோடிப் பொயின்ற். அவ்வளவுதான் அதன் உடம்பு.

இந்த எஸ்யூ பம்பின் பெருமை அது பேசும் என்பது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று தொடங்கும்; கார்பரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிடும். நில்லாமல் விரைந்து அடித்துக்கொண்டே இருந்தால் ராங்கி வெறுமை, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. சாவியைத் திருப்பியும் பேச்சில்லை என்றால் பொயின்ற் கரிந்திருக்கிறது. மெல்லத் தட்டினால் உயிர் வரும், பொயின்றை அரத்தாள் கொண்டு சுத்தம் செய்தால் பயணம் முடியும்வரை ஓடும். ஏசி பம்புக்கு இந்தப் பேச்சில்லை. டயபிரம் கிழிந்தால் அடிப்பக்கத் துளையால் பெற்றோல் கசிந்து சொல்லும், அல்லது எஞ்சின் எண்ணெயில் பெற்றோல் மணத்துச் சொல்லும். நோயைக் கண்டுபிடிக்கக் காதும் மூக்கும் விரலும் போதுமாயிருந்தன என்பதைச் சிறு விடயமாக நினைக்கக்கூடாது. கருவி விற்பவனையோ கையேட்டையோ எதிர்பாராமல் ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் தொழில் பழக முடிந்தது இதனால்தான். பழுதின் காரணமும் பழுதான உறுப்பும் ஒரே மேசையில் திறந்து கிடந்தன. கிழிந்த டயபிரத்தை முன்னால் வைத்து அதன் ஓரத்தில் கோடு கீறி இன்னொன்றை வெட்டலாம். வெட்டியது நெடுநாள் உழைக்காமல் போகலாம், ஆனால் வெட்டலாம் என்ற அந்தச் சாத்தியமே ஒரு தொழிலைத் தாங்கி நின்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் இந்தச் சாத்தியம் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. வடக்கு மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோலும் டீசலும் நின்றன, மின்சாரம் நின்றது, ரோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றறியும் தடைப்பட்ட பொருளாயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டிலும் கள்ளவிலையிலும் கிடைத்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலை எஞ்சினின் வாய்க்குள் விட்டு உயிர்ப்பிப்பார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய் தொடரும். இதன் காரணம் எளியது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல்தான் அந்த நிலைக்கு வரும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் திரவமாகவே நிற்கும், சுட்ட எஞ்சினில் ஆவியாகும். இது இங்கே புதிதாகக் கண்டுபிடித்தது என்று சிலர் பெருமையோடு எழுதுகிறார்கள். அந்தப் பெருமையைச் சற்றுத் திருத்தவேண்டும். இரண்டாம் உலகப்போருக்கு முன்பும் பின்பும் பிரித்தானிய உழவு இயந்திரங்கள் இதே முறையில் ஓடின: சிறு ராங்கியில் பெற்றோல், பெரிய ராங்கியில் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவு எண்ணெய், இரண்டுக்கும் நடுவில் ஒரு திருகு. அதைவிட முக்கியம், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் இந்த வித்தையைக் கிணற்றடியில் ஏற்கெனவே பழகியிருந்தான்.

துலா மிதித்து இறைத்த நிலம் 1950களுக்குப் பின் மெல்ல மெல்ல இயந்திரத்துக்கு மாறியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த அந்தச் சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. இறைக்கும் இயந்திரங்களும் பெருகின. எப்போது திருகை மாற்றுவது, நிறுத்துமுன் ஏன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டும், பிளக் ஏன் கரி பிடிக்கிறது என்பதெல்லாம் அதனால் வீட்டு அறிவாகிவிட்டன. 1990இல் அந்த அறிவு கிணற்றடியிலிருந்து காருக்கு ஏறியது என்றே நான் கருதுகிறேன். ஏற முடிந்தது, ஏனென்றால் கார்பரேற்றர் கார் தன் எரிபொருளைப் பற்றிப் பெரிதாக விசாரிக்காது. கிண்ணம் நிரம்பவேண்டும், அவ்வளவே அதன் நிபந்தனை. சதுர அங்குலத்துக்கு ஒன்றரை முதல் மூன்று இறாத்தல் அழுத்தம் போதும். பம்ப் அறவே செத்துப்போனால் கார்பரேற்றருக்குச் சற்று மேலே ஒரு கலத்தை வைத்து ஒரு குழாயை இழுத்தாலும் எஞ்சின் ஓடும். ரி மாதிரி ஃபோர்ட் ஓடியது அப்படித்தானே. பற்றறி செத்துப்போன ஏ40ஐக் கைப்பிடி போட்டுச் சுழற்றினால் அந்தச் சுழற்சியிலேயே இயந்திரப் பம்பும் அடிக்கத் தொடங்கும். எதுவும் இல்லாதபோதும் ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது.

மண்கும்பானுக்கு இந்தக் கதையில் ஒரு துயரமான இடம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளோடு தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போயிற்று. குடாநாடு 1995 இறுதிவரை புலிகளின் கையில் இருந்தது. மண்கும்பானை உள்ளடக்கிய வேலணைத் தீவின் மக்களில் பெரும்பகுதியினர் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தார்கள். பண்ணைத் தாம்போதி இரண்டு தரப்புகளுக்கு நடுவில் கிடந்தது. எனவே மண்ணெண்ணெய்க் கார்களின் காலம் தாம்போதியின் அந்தப் பக்கத்துக் காலம். இந்தப் பக்கம் பாதை ஆளற்றுக் கிடந்தது. ஆண்டுக்கணக்காக நின்றுபோன காரின் ராங்கியில் பெற்றோலின் இலேசான பகுதிகள் பறந்துவிடும், மிஞ்சுவது அரக்குப்போல ஒட்டும் பசை. பம்பின் வால்வுகள் அதில் ஒட்டிக்கொள்ளும், டயபிரம் காய்ந்து விறைக்கும். அப்படிக் கிடந்த ஒரு மைனரையோ ஏ40ஐயோ மீட்பது கடினம், ஆனால் முடியாத காரியமல்ல: ராங்கியை இறக்கிக் கழுவி, பம்பைப் பிரித்து ஊறவைத்துச் சுரண்டி, டயபிரத்தை மாற்றினால் பெற்றோல் மீண்டும் நடக்கும். இயந்திரம் திறந்த வடிவில் இருந்ததன் பயன் ஓடிய கார்களோடு நின்றுவிடவில்லை. ஓடாமல் கைவிடப்பட்டவற்றுக்கும் திரும்பிவரும் வழி இருந்தது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இது வறுமையையும் முற்றுகையையும் அழகுபடுத்துவதல்லவா? மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் வெண்புகை கக்கின, இடித்தன, எரியாத எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது, பெயாரிங்குகள் தேய்ந்தன. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நோயாளி ஒருவருக்குச் சில துளி பெற்றோல் தேடி ஓடிய குடும்பத்திடம் போய் இயந்திரத்தின் திறந்த வடிவைப் புகழ முடியுமா? இந்த ஆட்சேபத்தை முழுமையாக ஏற்கிறேன். அந்த ஆண்டுகள் திரும்ப வேண்டும் என்று யாரும் விரும்பக்கூடாது. எந்த மக்கள் மீதும் எரிபொருள் தடை விழக்கூடாது. ஆனால் துன்பத்தை வெறுப்பது ஒன்று, துன்பத்தில் எது தாங்கியது என்று கணக்கெடுப்பது இன்னொன்று. எஞ்சின்கள் கெட்டன என்பது உண்மை, அவை திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன என்பதும் உண்மை. அழுத்த விகிதம் ஏழு அளவில் இருந்த அந்தப் பழைய எஞ்சின்கள் தாழ்ந்த எரிபொருளைச் சகித்தன. ஒன்பதும் பத்துமாய் இறுக்கும் இன்றைய எஞ்சின் அதே எண்ணெயில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்.

சைக்கிளை மறந்துவிட்டீர்களே, அந்த ஐந்தாறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தானே, ஒருசில கார்களுக்கு எதற்கு இத்தனை விளக்கம் என்று இன்னொருவர் கேட்கலாம். சைக்கிள் சுமந்தது, நெல்லையும் விறகையும் நோயாளியையும் அதுதான் சுமந்தது. அது என் வாதத்துக்கு எதிரான சான்று என்று எனக்குத் தோன்றவில்லை. சைக்கிளில் மூடிய உறுப்பு எதுவுமே இல்லை, ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் ஊரிலே மாற்று உண்டு. திறந்த இயந்திரங்களின் வரிசையில் சைக்கிள் ஒரு முனை, மைனர் நடுவில், மறுமுனையில் இன்றைய கார்.

அந்த மறுமுனைக்கு இப்போது வருவோம். எரிபொருளைக் கார்பரேற்றரில் கலக்காமல் ஊசிமுனையால் பீச்சும் முறை 1960களின் பிற்பகுதியில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு சாதாரணக் கார்களுக்கு வந்தது. போஷ் நிறுவனத்தின் அமைப்பை ஃபொக்ஸ்வாகன் 1967இல் பொருத்தியது. பீச்ச அழுத்தம் வேண்டும்: சதுர அங்குலத்துக்கு 35 முதல் 45 இறாத்தல் வரை, பழைய காரின் பத்து மடங்குக்கு மேல். தூரத்திலிருந்து உறிஞ்சும் பம்பால் அது ஆகாது. உறிஞ்சும் குழாயில் வெயில் பட்டால் பெற்றோல் கொதித்து ஆவிக்குமிழ் அடைத்துக்கொள்ளும். ஆகவே மின்பம்ப் முதலில் ராங்கிக்கு அருகிலும் பின்னர் ராங்கிக்குள்ளேயும் இறங்கியது. உள்ளேயிருந்து தள்ளினால் குமிழ் வராது, சத்தம் அடங்கும், சுற்றியிருக்கும் பெற்றோலே மோட்டாரைக் குளிர்விக்கும். பொறி பறக்கும் மோட்டாரைப் பெற்றோலுக்குள் முக்குவது அபாயமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. திரவப் பெற்றோல் காற்றில்லாமல் எரியாது. காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை முதல் ஏழரைப் பங்குவரை கலந்தால்தான் தீப்பற்றும், ராங்கிக்குள் ஆவி வழக்கமாக அந்த எல்லையைத் தாண்டி நெருங்கி நிற்கும். இது நல்ல பொறியியல். குறைந்த புகை, குறைந்த செலவு, காலையில் முதற் சாவியிலேயே உயிர்ப்பு. ராங்கிக்குள் போன பம்பைச் சதி என்று நான் சொல்லவில்லை. அது தன் காலத்தின் கேள்விக்குச் சரியான பதில்.

ஆனால் அந்தப் பதில் ஓர் ஊரின் வேறொரு கேள்வியை அடைத்துவிட்டது. பம்ப் செத்தால் என்ன செய்வது? மேலே ஒரு கலத்தை வைத்துக் குழாய் இழுக்கலாம் என்ற பழைய வழியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெற்றோலின் அடர்த்தி தண்ணீரின் முக்கால் பங்கு அளவு. அதன் ஒரு தூண் தன் பாரத்தால் மட்டும் 36 இறாத்தல் அழுத்தம் தரவேண்டுமானால் தூணின் உயரம் ஏறத்தாழ 34 மீற்றர் இருக்கவேண்டும். நன்றாக வளர்ந்த பனை முப்பது மீற்றர். மண்கும்பானின் மிக உயர்ந்த பனையின் வட்டில் ராங்கியைக் கட்டிவைத்தாலும் ஊசிமுனை எஞ்சினுக்குப் போதாது. மைனருக்கோ வீட்டுத் திண்ணையின் உயரம் போதும். கரிந்த பொயின்றைத் தேய்க்கவும் இடமில்லை, ஏனென்றால் பம்ப் முத்திரையிட்ட உருளை. பல கார்களில் பம்ப், வடி, அழுத்தச் சீராக்கி, பெற்றோல் மட்டம் காட்டும் மிதவை எல்லாம் ஒரே பிளாஸ்ரிக் கூட்டில் பூட்டியிருக்கும். திருத்துவது என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை, மாற்றுவது மட்டுமே உண்டு. மாற்ற ஒன்று வரவேண்டும்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து ஜப்பானிய வாகனங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தன. 2009இல் போர் முடிந்தபின் அந்த வரவு பெருகியது. பாதை திறந்திருக்கும்வரை பம்ப் ஒரு பிரச்சினை அல்ல. கொழும்புக்குச் சொன்னால் அடுத்த நாள் பஸ்ஸில் வந்துவிடும். திறந்திருப்பது நிரந்தரம் என்ற நம்பிக்கை 2006இல் பாதை மீண்டும் மூடியபோது ஒருமுறை உடைந்தது. இன்னொரு விதமாக, நாடு முழுவதற்கும், 2020இலிருந்து உடைந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025இல்தான். நடுவில் 2022 வந்தது. எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. பின்னர் கியூஆர் அட்டை முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கு வந்தது. அந்தப் பங்கீட்டுக்கும் ராங்கிப் பம்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அது போதிய அளவு பேசப்படவில்லை. பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெற்றோல். ராங்கி வாரக்கணக்காக அடிமட்டத்திலேயே ஓடினால் பம்ப் தன் சூட்டில் வேகும், அடியிலே தங்கிய நீரும் துருவும் முழுமையாக அதன் வாயருகே வந்துசேரும். தட்டுப்பாடு பழைய காரின் பயணத்தைக் குறைத்தது. புதிய காரிலோ பயணத்தைக் குறைத்ததோடு பம்பின் ஆயுளையும் குறைத்தது. 1990இன் தடை ஏ40க்குச் செய்யமுடியாத ஒன்றை 2022இன் தட்டுப்பாட்டால் ஊசிமுனைக் காருக்குச் செய்ய முடிந்தது.

காலம் நகர்ந்ததில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. 1990களின் நிசான் சணி, ரொயோற்றா கொறொல்லா போன்றவை இப்போது முப்பது வயதை ஒட்டி நிற்கின்றன. பேணி வைப்போரின் கண்ணில் அவையே இன்று பழைய கார்கள். ஆகவே பழைய காரைக் காப்பது என்றால் பொயின்ற் தேய்ப்பது என்ற காலம் போய், ராங்கிக்குள் இருக்கும் பம்பை மாற்றுவதும் அந்தக் கலையின் பகுதியாகிவிட்டது. மாற்றுவதெல்லாம் வெறும் கைவேலை, அதில் அறிவுக்கு இடமில்லை என்று பழைய தலைமுறை மெக்கானிக்குகள் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பம்ப் சாவதற்கு முன் அதுவும் பேசும்: பின்னிருக்கைக்குக் கீழே கீச்சென்ற ஓசை உயர்கிறது, பாரத்தோடு போகையில் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது, சுட்ட காரை நிறுத்தி மறுபடி எடுக்கையில் அடம்பிடிக்கிறது. அதே அடையாளங்கள் பம்பில் குறை இல்லாதபோதும் வரும். உப்புக் காற்றில் நிற்கும் காரில் தரைவயரின் முனை பச்சை பூத்திருந்தால் பன்னிரண்டு வோல்ற் பம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பதாகிவிடும். நல்ல பம்பே நோயாளிபோல நடக்கும். றிலேயையும் வயரையும் அளந்து பார்க்காமல் பம்பை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவது. மைனரின் பம்பைக் காதால் விசாரித்த ஒழுக்கம் இங்கே அளவுமானியால் தொடரவேண்டும், அவ்வளவே வேறுபாடு.

மறுதிசையிலும் ஒரு சோதனை நடக்கிறது. மைனர் வைத்திருப்பவர்கள் சிலர், எஸ்யூ பம்ப் தொந்தரவு தருகிறது என்று ஊசிமுனைக் காரின் பம்பை அதற்குப் பூட்ட நினைக்கிறார்கள். கார்பரேற்றரின் ஊசிவால்வு இரண்டு மூன்று இறாத்தலைத் தாங்க அமைந்தது. நாற்பது இறாத்தல் வந்தால் கிண்ணம் பொங்கிச் சுட்ட எஞ்சின் மேல் பெற்றோல் வழியும். தீக்கு அதைவிட நேரான வழி இல்லை. வேண்டுமானால் பொயின்றுக்குப் பதில் திரான்சிஸ்ரர் வைத்த எஸ்யூ பம்ப் கிடைக்கிறது. வெளித்தோற்றமும் அழுத்தமும் அதே, கரிவது மட்டும் இல்லை. இதைப் பழமைக்குத் துரோகம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாதை திறந்தே இருக்கிறது, பம்ப் இன்னும் பின்சுவரில் கண்முன்னே இருக்கிறது. உள்ளே ஓர் உறுப்பு மட்டும் காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது. கிடைக்காத பொயின்றைத் தேடி அலைந்து காரை நிறுத்தி வைப்பதைவிட அது ஓடுவது மேல்.

ராங்கிப் பம்பை மாற்றும் வேலையில் மண்கும்பான் போன்ற ஊரில் முதல் எதிரி மணல். பல ஜப்பானியக் கார்களில் பின்னிருக்கையைத் தூக்கினால் ஒரு சிறிய மூடி தெரியும். அதைத் தொடுமுன் பம்பின் பியூஸைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டுத் தானாக நிற்கவிட வேண்டும், அப்போது குழாயின் அழுத்தம் இறங்கும். பிறகு பற்றறியின் எதிர்முனையைக் கழற்றவேண்டும். மூடியைச் சுற்றி ஆண்டுக்கணக்காகப் படிந்த மணலையும் தூசியையும் தூரிகையால் துடைத்து எடுத்த பின்பே பூட்டுவளையத்தைத் திருப்பவேண்டும், அதுவும் பித்தளையாலோ மரக்கட்டையாலோ தட்டி. இரும்பால் தட்டினால் பொறி பறக்கும். பம்பைத் தூக்கியதும் பலர் அதை ஓரமாய் எறிந்துவிட்டுப் புதியதை இறக்குகிறார்கள். எறிவதற்கு முன் அதன் அடியிலுள்ள வலைவடியை வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்கவேண்டும். செந்தூள் ஒட்டியிருந்தால் ராங்கி உள்ளே துருவேறியிருக்கிறது. கரும்பசை என்றால் பழைய பெற்றோல் கிடந்து கெட்டிருக்கிறது. வெண்மையான குழைவு என்றால் நீர் கலந்திருக்கிறது. வடி சுத்தமாக இருந்தால் மட்டும் பம்ப் தன் வயதால் செத்தது என்று கொள்ளலாம். மற்ற மூன்றிலும் புதுப் பம்பை அன்றே இறக்கக்கூடாது. ராங்கியைக் கழற்றி, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வாய்வளையத்துக்குப் புது றப்பர் போட்டு, பிறகு இறக்கவேண்டும்.